ஒரே பெட்டியில் இரண்டு மணி

போன வாரம் என் பழைய லேபிலிருந்து கௌசல்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். "அக்கா, லினக்ஸ் போட்ட புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கு. ஆனா நம்ம ரத்த அணு எண்ணுற மிஷின் அதுல ஓட மாட்டேங்குது. பழைய விண்டோஸையும் உள்ள போட்டு ரெண்டையும் வச்சுக்கலாம்னு கடைக்காரர் சொல்றாரு. நீங்க அந்தக் காலத்துலயே ரெண்டு சிஸ்டம் வச்சு ஓட்டுன ஆளாமே, எப்படின்னு சொல்லிக் குடுங்க" என்றாள்.

அந்தக் காலமாம். நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம்கூட ஆகவில்லை. போகட்டும், எழுதியே தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொன்னால் எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவாள். எனக்கு அந்த மிச்சத்தைத்தான் சொல்ல வேண்டும்.

நான் லேப் டெக்னீஷியன். மதுரையில் இரண்டு வருஷம் படித்தேன். ஊசியைக் கண்டால் எனக்கே மயக்கம் வரும் என்பதை வீட்டில் சொல்லாமல் மறைத்துத்தான் படித்து முடித்தேன். பிறகு அரசு வேலை, நாலைந்து ஊர்கள், கடைசிப் பதினாறு வருஷம் இந்த மாவட்டத்திலேயே ஒரு தாலுகா மருத்துவமனை. எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. ஆவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன் என்பது போதும்.

அங்கே எங்களுக்குத் தலைமை மருத்துவர் வள்ளியப்பன் சார். திருமயம் பக்கத்துக்காரர். குடும்பத்தில் எல்லோரும் வியாபாரம், சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட, இவர் மட்டும் அரசாங்கச் சம்பளத்துக்கு வந்து மாட்டிக்கொண்டவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. லேபுக்குள் வந்தால் ரிப்போர்ட் சீட்டை இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவார், ஈரமாக இருக்கிற காகிதத்தைத் தூக்குவது போல. பிறகு மூன்று கேள்வி. "யாரோடது? எப்ப எடுத்தது? யார் பார்த்தது?" பதினாறு வருஷமும் இதே மூன்று கேள்வி, இதே வரிசை. பதில் சொல்ல நாம் ஒரு நொடி தயங்கினால் சீட்டைத் திரும்ப மேஜையில் வைத்துவிட்டு வார்டுக்குப் போய்விடுவார். திட்ட மாட்டார். அரை மணி கழித்து வந்து அதே சீட்டை அதே மாதிரி தூக்குவார். அதற்குத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவர் வைத்த வழக்கம் இது. ரத்தக் குழாய் லேபுக்குள் வந்த உடனே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் சிவப்பு மையில் மணி எழுத வேண்டும். முடிவு சீட்டிலும் அதே மணியை எழுதி, அதன் மேல் குறுக்கே நம் கையெழுத்து. மாதம் ஒரு முறை அவரே ஸ்டூல் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைச் சரிபார்ப்பார். இறங்கும்போது வேட்டி தடுக்கும். நாங்கள் யாரும் சிரிக்க மாட்டோம், அவர் போகிற வரைக்கும்.

அணு எண்ணும் மிஷினும் அதோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்தபோது எனக்குப் பெரிய விடுதலை. அதுவரை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து எண்ணிக்கொண்டிருந்தோம். இது ஒரு நிமிஷத்தில் எண்ணி, பெயர், நம்பர், தேதி, மணி எல்லாம் அச்சடித்துச் சீட்டைத் தள்ளியது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் சாரிடம் போய் நின்றேன்.

"சார், மிஷினே நிமிஷம் வரைக்கும் மணி அடிச்சுத் தருது. அதுக்குப் பக்கத்துலயே நான் வேற எதுக்கு எழுதணும்? மழைக்காலத்துல ஒரு நாளைக்கு நூறு சாம்பிள் வருது."

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சொன்னார்: "சரி, எழுத வேண்டாம். மிஷின் மணியைக் காலையில ஒருவாட்டி சுவர்க் கடிகாரத்தோட ஒப்பிட்டுப் பார்த்துக்கங்க. நீங்க சொல்றதால நம்புறேன், ஆரோக்கியம்."

அந்த மணியைச் சீட்டில் எழுதுவதை நான் அன்றோடு விட்டேன். நோட்டில் மட்டும் எழுதி வந்தோம்.

சில வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு டெங்குக் கணக்கை தினமும் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய விண்டோஸ். அதில் அந்த இணையதளம் திறக்கவே இல்லை. புது விண்டோஸ் போட்டால் மிஷினோடு வந்த மென்பொருள் ஓடாது. வேறு கம்ப்யூட்டர் கேட்டு எழுதினோம், பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. இன்னொரு கடிதம் எழுதினோம், அதே பதில் வேறு தேதியில் வந்தது. நான் தினமும் சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போய் வரிசையில் நின்று கணக்கை ஏற்றிவிட்டு பஸ்ஸைத் தவறவிட்டுக்கொண்டிருந்தேன்.

புதுக்கோட்டையில் செந்தில் என்று ஒருவர் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். அவர்தான் சொன்னார். பழைய விண்டோஸைத் தொடாமல், அதே டிஸ்க்கில் கொஞ்சம் இடம் ஒதுக்கி, பக்கத்தில் லினக்ஸ் என்கிற இன்னொரு சிஸ்டத்தை இறக்கிக்கொள்ளலாம். காசு கிடையாது. கம்ப்யூட்டரைப் போட்டதும் எதற்குள் போக வேண்டும் என்று அதுவே கேட்கும். ஒரு பென் டிரைவில் எல்லாம் போட்டுக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு போய் உட்கார்ந்தேன். முதல் வேலையாக உள்ளே இருந்த ரிப்போர்ட் அத்தனையையும் வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். கௌசல்யா, நீயும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பிறகு பென் டிரைவைச் சொருகி ஆரம்பித்தால், டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டுப் போடவா, ஏற்கெனவே இருப்பதன் பக்கத்தில் போடவா என்று ஒரு கேள்வி வரும். அந்த இடத்தில் நான் ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டு இரண்டாவதை அமுக்கினேன். நாற்பது நிமிஷம். திரும்ப உயிர் வந்தபோது கறுப்புத் திரை, அதில் இரண்டு பெயர், கீழே பத்திலிருந்து இறங்கும் எண். அம்புக்குறியை அழுத்தி இறங்கினால் விண்டோஸ், சும்மா விட்டால் லினக்ஸ். இரண்டுக்குள்ளும் போய்ப் போய் வந்தேன். ஐம்பத்தி மூன்று வயதில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி முழுக்க வந்து பார்த்தது. பார்மசிஸ்ட் பாஸ்கர் கதவில் சாய்ந்துகொண்டு, "அக்கா கம்ப்யூட்டருக்குச் சின்ன வீடு வச்சுக் குடுத்துட்டாங்கப்பா" என்றார். "ரெண்டு வீட்டுக்கும் சண்டை இல்லாம நான் பாத்துக்கிறேன், நீங்க ஒங்க மாத்திரையை எண்ணுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலையிலேயே கடிகாரம் தப்பாகத்தான் இருந்தது. எட்டே முக்காலுக்கு விண்டோஸ் திரையின் மூலையில் மூணேகால். பெட்டிக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். பழைய கம்ப்யூட்டரில் மணி தப்பினால் யாரும் அதைத்தான் சொல்வார்கள். கடிகாரக் கடையில் ஒரு பேட்டரி வாங்கி மாற்றினேன், மணியைச் சரிசெய்தேன். மறுநாள் காலை மறுபடியும் அதே. சாயங்காலம் கணக்கு ஏற்ற லினக்ஸுக்குள் போனால் அங்கே மணி கச்சிதமாக இருந்தது. சரி, விண்டோஸ் கிழடாகிவிட்டது என்று விட்டுவிட்டு, தினமும் காலையில் சுவரைப் பார்த்துக் கையால் மணியைத் திருத்தி வேலையைத் தொடங்கினேன். காலையில் ஒருவாட்டி என்றுதானே சார் சொல்லியிருந்தார்.

பத்தொன்பது நாள் இப்படித் திருத்தினேன். ஒவ்வொரு நாளும் தப்பு சரியாக ஐந்தரை மணி நேரம். ஒரு நிமிஷம் கூட, குறைய இல்லை. செத்த பேட்டரி இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்யுமா என்று ஒரு நாளாவது நான் யோசித்திருக்க வேண்டும். காய்ச்சல் ஏனென்று பார்க்காமல் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பினால் டாக்டர்களைக் கரித்துக்கொட்டுகிற ஆள் நான். நானே தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இருபதாம் நாள் ஐப்பசி மழை. வார்டில் கட்டில் போதாமல் தரையில் பாய். செல்வி என்ற பெண்ணுக்கு நாலாம் நாள் காய்ச்சல். செங்கல் சூளையில் வேலை, வயது இருபத்தாறு இருக்கும். புருஷன் முருகேசன் லோடு ஏற்றுகிறவர். காலை பத்து இருபதுக்கு அவள் ரத்தம் பார்த்தேன். தட்டணுக்கள் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். பயமில்லை, ஆனால் சாயங்காலம் மறுபடி பார்க்க வேண்டும். முருகேசன் காப்பீட்டு அட்டையைக் காட்டினார், நான் நம்பர் எழுதிக்கொண்டு ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

ஒரு மணிக்கு மேலிடத்திலிருந்து போன். எப்போதும் சாயங்காலம் ஏற்றும் கணக்கு அன்று மட்டும் இரண்டு மணிக்குள் வேண்டுமாம். விண்டோஸை மூடி லினக்ஸுக்குள் போனேன். மழைக்கு நெட் இழுத்தடித்தது. ஏற்றி முடித்து மறுபடி விண்டோஸுக்குள் வரும்போது இரண்டே முக்கால். மேஜையில் இருபத்தைந்து குழாய் காத்திருந்தது. திரையின் மூலையை நான் பார்க்கவில்லை.

மூன்று பத்துக்குச் செல்வியின் இரண்டாவது குழாய். நாற்பத்தாறாயிரம். குழாயை எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தி மறுபடி விட்டேன், அதே எண். கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பிலும் பார்த்தேன், உண்மையாகவே குறைந்திருந்தது. நாற்பதாயிரத்துக்குக் கீழே போனால்தான் வார்டுக்குப் போன் செய்வது எங்கள் விதி. அதனால் சீட்டை மட்டும் அனுப்பிவிட்டு அடுத்த குழாயை எடுத்தேன்.

நாலே முக்காலுக்கு முருகேசன் ஜன்னலில் வந்து நின்றார்.

"அக்கா, அட்டையை மறந்துட்டுப் போயிட்டேன். எடுத்துக்கிறேன். போயிட்டு வாரோம்."

"எங்க போறீங்க?"

"வீட்டுக்குத்தான். ரத்தம் கூடிருச்சாம். டாக்டரம்மா போகலாம்னுட்டாங்க, காலையில வந்து காட்டச் சொன்னாங்க. புள்ளைக ரெண்டும் பக்கத்து வீட்டுல கெடக்கு."

"கூடிருச்சுன்னு யாரு சொன்னா? சீட்டைக் குடுங்க."

சட்டைப் பையிலிருந்து இரண்டு சீட்டையும் எடுத்தார். ஒன்றில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம், மணி பத்து இருபது. இன்னொன்றில் நாற்பத்தாறாயிரம், மணி ஒன்பது நாற்பது. நான் மூன்று பத்துக்குப் பார்த்த ரத்தம், காலை ஒன்பது நாற்பதுக்குப் பார்த்ததாக அச்சாகியிருந்தது. டியூட்டிக்கு மதியம் வந்த சின்ன டாக்டர் சீட்டை வைத்து என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு உடனே புரிந்தது. முதல் தடவை ரத்தம் திரிந்து எண் தப்பாக வந்திருக்கிறது, லேபில் நாற்பது நிமிஷத்தில் மறுபடி பார்த்திருக்கிறார்கள், சரியாக இருக்கிறது. காய்ச்சலும் இறங்கியிருந்தது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்து. ஆனால் கையில் நல்ல எண் இருக்கும்போது யாருக்கும் அது நல்ல சேதியாகத்தான் தெரியும்.

"செல்வி எங்க?"

"பஸ்ஸுல சீட்டுப் போட்டு ஒக்கார வச்சுட்டு வந்தேன்."

கோட்டைக் கழற்றவில்லை, கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அவர் முன்னால், நான் பின்னால். பஸ் ஸ்டாண்ட் எங்கள் வாசலிலிருந்து நாலு கடை தள்ளித்தான், ஆனால் மழைச் சேற்றில் என் வயதுக்கு அது தூரம். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. முருகேசன் ஓடிப் போய் அதன் பக்கவாட்டில் தட்டினார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏங்க, செத்த முன்னாடி வரக்கூடாதா" என்று சலித்தார். பிறகு என் கையுறையைப் பார்த்தார், விசில் கொடுத்தார்.

செல்வி ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். "எறங்கும்மா" என்றேன். "எதுக்குக்கா, டாக்டரம்மா போகச் சொல்லிட்டாங்களே" என்றாள். கை சில்லென்று இருந்தது.

திரும்ப எடுத்துப் பார்த்தபோது இருபத்தொன்பதாயிரம். அந்தச் சீட்டில் நான் சுவரைப் பார்த்து மணி எழுதினேன். ஆம்புலன்ஸ் புதுக்கோட்டைக்குக் கிளம்பியது. பாதி வழியில் மூக்கில் ரத்தம் வந்துவிட்டது என்று கூடப் போன நர்ஸ் பிறகு சொன்னார். இறக்காமல் விட்டிருந்தால் அந்த நேரம் அவள் இலுப்பூர் ரோட்டில், மழையில், பஸ்ஸில் இருந்திருப்பாள்.

அன்று மதியத்துக்குப் பிறகு அச்சான சீட்டு அத்தனையையும் நோட்டோடு ஒப்பிட்டு மணியைத் திருத்தி முடித்தேன். வேறு யாருக்கும் இரண்டு சீட்டு இல்லை. பிறகு செந்திலுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, ரெண்டு சிஸ்டம் போட்டா இது வர்றதுதான். எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன், சொல்லாம விட்டுட்டேன்" என்றார். பெட்டிக்குள் இருப்பது ஒரே கடிகாரம். அது காட்டுவது நம் ஊர் மணி என்று விண்டோஸ் நினைத்துக்கொள்கிறது. அது லண்டன் பக்கத்து மணி என்று லினக்ஸ் நினைத்து, ஐந்தரை மணி நேரம் கூட்டித் திரையில் காட்டுகிறது. நெட்டில் சரியான மணியைப் பார்த்துக்கொண்டு, வெளியே போகும்போது கடிகாரத்தைத் தன் கணக்குக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறது. பிறகு வரும் விண்டோஸ் அதை அப்படியே வாசிக்கிறது. லினக்ஸில் ஒரு வரி அடித்தால் அதுவும் ஊர் மணிக்கு வந்துவிடும். அடித்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கௌசல்யா, அந்த வரியை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். போட்ட பிறகு நாலு தடவை உள்ளே வெளியே போய் வந்து மணியைப் பார். சீட்டில் கையாலும் எழுது.

ஆறு மணிக்கு வள்ளியப்பன் சார் வந்தார். சீட்டைத் தூக்கினார்.

"யாரோடது?"

"செல்வியோடது சார்."

"எப்ப எடுத்தது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"எத்தனை நாளா மணி தப்பா இருக்கு?"

"பத்தொன்பது நாளா சார்."

"எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?"

"பத்தொன்பது நாளா சார்."

அவர் சீட்டை மேஜையில் வைத்தார். அன்று வார்டுக்குப் போகவில்லை, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே அனுப்ப வேண்டிய அறிக்கையை அங்கேயே எழுதினார். என் தவறை எழுதினார், கையால் மணி எழுதும் வழக்கத்தை நிறுத்த அனுமதித்தது தான் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் நீட்டினார், நானும் போட்டேன். சின்ன டாக்டர் அழுதுகொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டு அவரிடம் போனேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். "நானும் ஒங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம் மேடம்" என்றார். அவர் கேட்டிருக்கலாம்தான். கேட்கத் தேவையில்லாத சீட்டை நான் கொடுத்திருக்க வேண்டும்.

செல்வி ஒன்பது நாள் கழித்துப் பிழைத்து வந்தாள். குடும்பமே லேபுக்கு வந்தது, கையில் ஒரு சீப்பு பூவன்பழம். முருகேசன் பிள்ளைகளிடம், "இந்த அத்தைதான் பஸ்ஸை நிப்பாட்டி ஒங்க ஆத்தாவ எறக்குனது, கும்பிடுங்க" என்றார். இரண்டும் கும்பிட்டன. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "மிஷின்ல மணி தப்பாப் போச்சும்மா, அதான்" என்றேன்.

"மிஷினுக்கு என்னக்கா தெரியும். நீங்க இருந்தீங்கல்ல" என்றாள்.

நான் பழத்தை வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு சார் வந்தார். பழத்தைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் சார்."

"என்ன சொன்னீங்க?"

"மிஷின்ல மணி தப்பாப் போச்சுன்னு."

"அப்ப இன்னும் சொல்லலை" என்றார்.

அவள் ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று வாரா வாரம் நினைத்தேன். மழை முடியட்டும் என்றேன், பொங்கல் முடியட்டும் என்றேன். போனபோது வீடு பூட்டியிருந்தது, திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பணி ஓய்வு விழாவில் மூன்று பேர் மைக்கில் என் பஸ் ஓட்டத்தைத்தான் சொன்னார்கள். நான் மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், கைதட்டினார்கள். சார் மட்டும் தட்டவில்லை, அதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

செல்வி, நீ இதைப் படிக்கப்போவதில்லை. யாராவது படித்துச் சொன்னால் கேட்டுக்கொள். மிஷினில் ஒரு தப்பும் இல்லை. உள்ளே இருந்த இரண்டும் அதனதன் கணக்குப்படி சரியாகத்தான் மணி காட்டின. தப்பு இருக்கிறது என்று பத்தொன்பது நாளாகத் தெரிந்தும் ஏனென்று பார்க்காமல் இருந்தவள் நான். உன்னை அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிட்டதே நான்தான்.